அண்ணியின் தோழி

அத்-பாஷி
அக்டோபர் 6, 2002

என் சின்னப் பொண்ணுக்கு,

ஆடு மாடு சுகம், ஆட்களும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகந்தானே? பிஷ்கெக்கில் இன்னும் வெயில் அடிக்கிறதாம், வண்டிக்கார மெலிஸ் சொன்னான். இங்கே மலைமேல் பனி விழுந்துவிட்டது. உருளைக்கிழங்கு தோண்டி முடித்தோம். உன் அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். உன் அம்மா நன்றாக இருக்கிறார். நேற்றுகூட "என்னடி டீ இது, கழுநீர் மாதிரி" என்று திட்டினார். அதனால் அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நீயே தெரிந்துகொள்ளலாம்.

மெலிஸ் வண்டியில் வெண்ணெய் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை மூடியைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். போன தடவை வெண்ணெயில் விரல் தடம் இருந்தது என்று எழுதியிருந்தாயே.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எனக்காக இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னைப் போலவே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். உனக்குத் தெரியாது. பாவம், ரொம்பக் களைத்துப் போயிருக்கிறாள். ஆங்கிலத்துக்கு இருந்த இன்னொரு ஆசிரியை கோடையில் அல்மாத்திச் சந்தைக்கு வியாபாரம் பண்ணப் போய்விட்டாள். அந்த வகுப்புகளும் இவள் தலையில் விழுந்துவிட்டன. காலையில் ஒரு ஷிப்ட், மத்தியானம் ஒரு ஷிப்ட். மத்தியானத்தில் பிள்ளைகள் மேய்ந்து முடித்த ஆடுகள் மாதிரி கண் செருகி உட்கார்ந்திருக்கின்றன. இவளுக்கும் கண் செருகுகிறது. "இது புத்தகம், அது பேனா" என்று இவள் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்ல, எதிலும் உயிர் இல்லை.

வசந்தத்தில் பள்ளி நூலகர் ஓய்வு பெறுகிறார். துணைத் தலைமையாசிரியை சூராகான் அக்கா இவளிடம் சொல்லிவிட்டாராம்: "வகுப்பு எடுக்க முடியலன்னா சொல்லிடும்மா. லைப்ரரியில ஒக்காந்து தூசி தட்டலாம்." மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இவளுக்கு முக்கால் மனசு அங்கேதான் இருக்கிறது. மிச்சக் கால் மனசு வகுப்பை விட மாட்டேன் என்கிறது.

நீதான் நகரத்தில் பயிற்சி வகுப்புக்கெல்லாம் போகிறவள். வகுப்பு கலகலப்பாக இருக்க ஏதாவது வழி இருந்தால் எழுது. அவளிடம் சொல்கிறேன். தபால் ஆபீசில் போய் போன் பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும், அதனால் எழுதியே அனுப்பு.

பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தம்.

உன் அண்ணி
அசில்கான்


பிஷ்கெக்
அக்டோபர் 20

அன்பு அண்ணிக்கு,

வெண்ணெய் வந்தது, விரல் தடம் இல்லை. கயிற்றைப் பார்த்து மெலிஸுக்கு ஒரே வருத்தம். "ஒங்க அண்ணி என்னைத் திருடன்னு நெனைக்குது" என்றான். "நெனைக்கல, தெரியும்" என்றேன். இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்கு மட்டும் சளி. அம்மா திட்டினார் என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

உங்கள் தோழிக்கு என் அனுதாபம். ஆனால் வழி ரொம்பச் சுலபம் அண்ணி. ஒரு பந்து வேண்டும். பந்தைத் தூக்கிப் போட்டுக் கேள்வி கேட்க வேண்டும், பிடித்தவன் பதில் சொல்ல வேண்டும். இரண்டு அணி பிரித்துக் கரும்பலகைக்கு ஓடவிடலாம். கை தட்டிப் பாடலாம். ஆசிரியை நடுவில் குதித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் ரகசியம். என் வகுப்புச் சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்கிறது. நானும் அவர்களோடு குதிக்கிறேன். பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இத்துடன் ஒரு ரப்பர் பந்து அனுப்புகிறேன். உங்கள் தோழியின் பெயர் என்ன? நீங்கள் எழுதவே இல்லையே.

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் என் வணக்கம்.

உங்கள்
பெர்மெத்


அத்-பாஷி
நவம்பர் 15

சின்னப் பொண்ணுக்கு,

எல்லோரும் சுகம். மாடுகளை உள்ளே கட்டிவிட்டோம். பெரியவனுக்குச் சளி விட்டதா? ஆட்டு வாலின் கொழுப்பை உருக்கி மார்பில் தடவு.

உன் பந்து வந்தது. வந்த அன்றைக்கே செத்தும் போனது. கேள்.

தோழி பந்தைக் கொண்டுபோய், "பிடிப்பவன் தன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று சொல்ல வேண்டும்" என்றாளாம். முதல் பந்தை அய்பேரி என்ற பெண் பிடித்தாள், சொன்னாள், எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவதை ஒருவன் குதிரை மேல் உட்கார்ந்து ஆட்டுக்கடாவை இழுத்துப்போட்டு விளையாடுகிற ஞாபகத்தில் வீசிவிட்டான். அடுப்பின் புகைக்குழாய் கழன்று விழுந்தது, பந்து அடுப்புமேல் உருகிப்போனது. வகுப்பு முழுக்கக் கரி. முப்பது பிள்ளைகளும் கறுப்பு, கரும்பலகைதான் இருந்ததிலேயே வெள்ளை! சூராகான் அக்கா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்ன பாடம்?" என்று கேட்டார். "குளிர்காலம்ங்கற தலைப்பு" என்று யாரோ சொன்னார்களாம்.

குழாயை மாட்டி, தரையைத் துடைத்து முடித்தபோது தோழி மேசைமேல் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். மணி அடித்தும் எழுந்திருக்க முடியவில்லை. சின்னப் பொண்ணே, நீ சொல்லும் வழிக்கெல்லாம் நீ வேண்டும். அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. விடிவதற்கு முன் இரண்டு மாடு கறந்துவிட்டு வருகிறாள். வீட்டுக்குப் போனதும் மாமியாருக்கு டீ போட வேண்டும், அது சரியில்லை என்று திட்டும் வாங்க வேண்டும். குதிப்பதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. உட்கார்ந்த இடத்திலேயே செய்கிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்.

பெயர் என்னத்துக்கு? சொன்னால் உனக்குத் தெரியப் போகிறதா?

அண்ணி


பிஷ்கெக்
டிசம்பர் 2

அன்பு அண்ணிக்கு,

நலம். சளி விட்டது, உங்கள் கொழுப்பு வைத்தியத்துக்குப் பயந்தே விட்டிருக்கும்.

கரிக் கதையைப் படித்துவிட்டு நானும் உங்கள் மாப்பிள்ளையும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் கொஞ்சம் யோசித்தேன். உங்கள் தோழி வீட்டிலும் இரண்டு மாடு, அவள் மாமியாரும் டீயைப் பற்றித்தான் திட்டுகிறார். அத்-பாஷியில் எல்லா வீடும் ஒரே மாதிரி ஆகிவிட்டதா அண்ணி? சரி, நான் எதுவும் கேட்கவில்லை.

உட்கார்ந்தே செய்ய ஒரு வழி இருக்கிறது. பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு நாள் எனக்கே முடியாமல் போனபோது தானாக வந்தது. அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னேன்: "இன்று காலை நான் ஒரு ஒட்டகத்தைச் சாப்பிட்டேன்." வகுப்பு ஒரு நிமிஷம் விழித்தது. அப்புறம் ஒரே கூச்சல்: "இல்லை! நீங்கள் சாப்பிடவில்லை!" பொய் சொல்வது மட்டும்தான் என் வேலை. பிடிப்பது அவர்கள் வேலை. குரலைத் தாழ்த்திச் சொன்னால் இன்னும் நல்லது, காது கொடுத்துக் கேட்பார்கள். தோழியிடம் சொல்லுங்கள், நன்றாகப் பொய் சொல்லட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதுவும் தோழிக்காகத்தான். அப்பா ஜெர்மன் சொல்லிக்கொடுத்த அந்த அறையில்தான் நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு குளிர்கிறது. மகள் நகரத்துக்குப் போய்விட்டாள், மருமகள் அந்த இடத்தை விடவில்லை என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். உங்களைப் போல ஒருத்தி பக்கத்தில் இருக்கும்போது தோழிக்கு என்ன கவலை?

உங்கள்
பெர்மெத்


அத்-பாஷி
ஜனவரி 10, 2003

சின்னப் பொண்ணுக்கு,

புது வருஷம் நல்லபடியாக இருக்கட்டும். தோலோன் கணவாய் பனியில் அடைத்துக்கொண்டதால் உன் கடிதம் மூன்று வாரம் மெலிஸின் வண்டியிலேயே கிடந்ததாம். "நான் என்ன, பறந்தா வர்றது?" என்கிறான். எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி, உன் அண்ணன் குதிரைக்குப் புது லாடம் அடித்தார்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை இரண்டு தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அதை விடு.

ஒட்டகம் வேலை செய்தது. இங்கே ஒட்டகம் எடுபடாது என்று தோழி மாற்றிச் சொன்னாளாம்: "நேற்று சூராகான் அக்கா பள்ளிக்கூடத்துக்குக் கழுதைமேல் வந்தார்." வகுப்பே எழுந்து நின்றது. "இல்லை! அவர் நடந்து வந்தார்!" கடைசி வரிசையில் கூபாத் என்று ஒரு பையன், மூன்று வருஷமாக வாயைத் திறந்து ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசாதவன், அவன் கத்தினானாம்: "கழுதை பாவம்!" இவள் சிரித்த சிரிப்பில் களைப்பெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அப்புறம் இன்னொரு விளையாட்டு தானாக வந்தது. தோழிக்குத் தொண்டை கட்டியிருந்த வாரம் அது. சுவரில் பெரியவர் படம் மாட்டியிருக்கிறது, உனக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் படத்தைக் காட்டி, அது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பெயரைச் சொல்ல முடியுமா? மருமகள் வாயில் மாமனார் பெயர் எப்படி வரும்? "இந்த அறையில் இருந்த ஆசிரியர். நல்ல குதிரை வைத்திருந்தார். தொப்பியைக் கழற்றாமலே பாடம் எடுப்பார்" என்று ஆங்கிலத்தில் சுற்றி வளைத்துச் சொல்ல, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் முந்திக்கொண்டு பெயரைக் கத்தினார்கள். அதிலிருந்து தினமும் இதுதான் ஆட்டம். ஒருத்தர் மனசுக்குள் ஒன்றை நினைத்துக்கொண்டு, பெயரைச் சொல்லாமல் இருக்க வேண்டும். மற்றவர்கள், "அது மனிதரா, பொருளா?" என்று ஆரம்பித்துக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் அம்மாக்கள் எல்லோரும் வருஷக்கணக்காகச் செய்வதுதானே, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. டீச்சர் அடுப்போரம் உட்கார்ந்து வெந்நீர் குடிக்கலாம்.

ஆனாலும் நூலக யோசனையை அவள் விடவில்லை. ஒரு நாள் நன்றாகப் போனால் மறுநாள் எழுந்திருக்கவே கஷ்டமாக இருக்கிறது என்கிறாள்.

உனக்கு உலர்ந்த தயிர் உருண்டை அனுப்புகிறேன். பிள்ளைகள் கேட்டார்களாமே.

அண்ணி


பிஷ்கெக்
ஜனவரி 28

அன்பு அண்ணிக்கு,

நலம். எனக்குக் கொஞ்சம் தலைவலி, பெரிதாக ஒன்றுமில்லை. தயிர் உருண்டைகள் அன்றைக்கே தீர்ந்தன.

அண்ணி, ஒரு சின்னச் சந்தேகம். எசென்கெல்தி என்பது எங்கள் அப்பா பெயர். அதை நீங்கள் சொல்லக்கூடாது, சரி. உங்கள் தோழி எதற்காகச் சொல்லக்கூடாது? அவளுக்கும் அவர் மாமனாரா? எங்கள் அம்மாவுக்கு இது தெரியுமா?

சிரித்துவிட்டீர்களா? சரி, நான் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம் நான் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். நூலகம் ஒன்றும் கெட்ட இடம் இல்லை. அங்கே போனால் அப்பாவுக்குத் துரோகம் ஆகிவிடும் என்று அவள் நினைக்கிறாள் போலிருக்கிறது. போன கடிதத்தில் நான் பெருமையாக எழுதியது அவளுக்குச் சுமையாகப் போயிருந்தால், அதை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அப்பா இருந்திருந்தால், "முடியலன்னா எறக்கி வெய்யும்மா, யாரு கேக்கப் போறாங்க" என்றுதான் சொல்லியிருப்பார். அவரும் சாகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தவர் இல்லை. கடைசி வருஷங்களில் அடுப்போரம் உட்கார்ந்துதான் பாடம் நடத்தினார். ஆகவே அவள் மனசுக்குப் பிடித்ததைச் செய்யட்டும். எதைச் செய்தாலும் என் அண்ணியின் தோழி எனக்கும் தோழிதான்.

பெயர் சொல்லாத ஆட்டத்தை இங்கே ஆடிப் பார்த்தேன். நானும் அன்றைக்கு உட்கார்ந்துகொண்டேன். நன்றாக இருந்தது.

பெர்மெத்


அத்-பாஷி
மார்ச் 9

சின்னப் பொண்ணுக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. இவ்வளவு நாள் எழுதாததற்குக் கணவாயைக் குறை சொல்ல மாட்டேன். அது பிப்ரவரியிலேயே திறந்துவிட்டது. உன் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். தோழிக்குப் படித்துக் காட்டினேன். அவள் மாட்டுத் தொழுவத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

நேற்று மகளிர் தினத்துக்கு உன் அண்ணன் எனக்கு ஒரு சால்வை வாங்கி வந்தார். விலையைக் கேட்டு அம்மா இரண்டு பேரையும் திட்டினார்.

பதினெட்டாம் தேதி தோழிக்குத் திறந்த பாடம். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பின் வரிசையில் மாவட்டக் கல்வி அதிகாரி, தலைமையாசிரியர், வேலையில்லாத மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். சூராகான் அக்கா பாடத்தை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை எழுதிக் கொடுத்துவிட்டார். யார் எந்தக் கேள்விக்கு எழுந்திருக்க வேண்டும் என்பது வரைக்கும் ஒத்திகை. எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. பார்க்கிறவர்களுக்கு எல்லாக் கையும் மேலே தெரியும். "டீச்சர் ஒக்காரவே கூடாது. ஒக்காந்த டீச்சரும் படுத்த குதிரையும் ஒண்ணு" என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளைகள் ஒத்திகையில் மறுபடியும் கண் செருகிவிட்டன.

பாடம் முடிந்ததும் நூலகத்துக்கு வருகிறேன் என்று சூராகான் அக்காவிடம் சொல்லிவிடப் போகிறாளாம். முடிவு பண்ணிவிட்டாள். நீ சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

அண்ணி


பிஷ்கெக்
மார்ச் 14

அண்ணி,

அவசரமாக எழுதுகிறேன், மெலிஸ் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறான். எல்லோரும் நலம். கை எழுத வரவில்லை, நாளெல்லாம் குதித்துவிட்டு வந்தேன். தேன் ஒரு பாட்டில் அனுப்புகிறேன், தோழியின் தொண்டைக்கு. கால் வலித்தால் உட்காரச் சொல்லுங்கள். சூராகான் அக்கா இருக்கட்டும், அவருடைய குதிரையும் இருக்கட்டும்.

பெர்மெத்


அத்-பாஷி
மார்ச் 23

சின்னப் பொண்ணுக்கு,

நூருஸ் நல்வாழ்த்து. வசந்தப் பண்டிகைக்கு அண்டை வீட்டுப் பெண்களெல்லாம் சேர்ந்து கோதுமைக் கஞ்சி கிண்டினோம், கரண்டி பிடித்த தோள் இன்னும் வலிக்கிறது. அம்மா, உன் அண்ணன், மாடுகள், பிறந்த கன்று, எல்லாம் சுகம். தேன் பாடத்துக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. பாட்டிலில் கால்வாசி இல்லை. மெலிஸுக்கும் தொண்டை கட்டியிருந்ததாம்.

திறந்த பாடத்தைப் பற்றி எழுதுகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி.

வருவதாக இருந்தது ஒரு அதிகாரியம்மா. காலையில் அவருக்குக் காய்ச்சல். பதிலுக்கு வேறொருவர் வந்தார். பனியில் நனைந்த மீசை, காது வரை இழுத்துவிட்ட கல்பாக் தொப்பி. வகுப்புக் கதவருகில் சூராகான் அக்கா தோழியின் காதில் சொன்னார்: "அந்தம்மா வரல, இவரு வந்திருக்காரு. மொத வரியில பேரை மட்டும் மாத்திக்க." பெயரையும் சொன்னார்.

உன் அப்பா பெயர்.

தோழி உள்ளே போனாள். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். எழுதிக்கொடுத்த முதல் வரி, "இன்று நம் விருந்தாளியாக வந்திருப்பவர் இன்னார்." தோழி கரும்பலகைக்கு முன்னால் நின்று, "இன்று நம் விருந்தாளியாக வந்திருப்பவர்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். அதற்குமேல் என் நாக்கு எழவில்லை.

சரி, போதும். அது நான்தான். உனக்கு எப்போதோ தெரியும்.

வாயைத் திறந்தபடி நிற்கிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லாத பெயர். அதிகாரி இருக்கிறார், தலைமையாசிரியர் இருக்கிறார், சுவரில் பெரியவரே என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். சூராகான் அக்கா பின்னாலிருந்து உதட்டை அசைத்து அசைத்துச் சொல்லித்தருகிறார், நான் மறந்துவிட்டேனாம்! இதோடு வேலை போனது, நூலகமும் போனது என்று நினைத்தேன்.

அப்போது அய்பேரி எழுந்தாள். ஒத்திகையில் அவளுக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை. ஆங்கிலத்தில் கணீரென்று கேட்டாள்: "அவர் மனிதரா, பொருளா?"

வகுப்புக்கு விளங்கிவிட்டது. டீச்சர் ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார்! நானும் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தேன். "மனிதர்" என்றேன்.

"அவர் உயிரோடு இருக்கிறாரா?"

எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். "இருக்கிறார்" என்றேன்.

"அவருக்கு மீசை இருக்கிறதா?"

"அவர் மீசை ஏன் அழுகிறது?"

"அவருக்குக் குளிர்கிறதா? அவருக்கு டீ வேண்டுமா?"

"அவர் நல்லவரா, அல்லது மாவட்டத்திலிருந்து வந்தவரா?"

வலது கை, இடது கை எல்லாம் மறந்து போயிற்று. இரண்டு கையையும் தூக்கினார்கள், பெஞ்சுமேல் முட்டி போட்டார்கள். ஆங்கிலம் ஒன்றும் தெரியாத அந்த மனிதர், தன்னைப் பற்றித்தான் ஏதோ நடக்கிறது என்று மட்டும் புரிந்துகொண்டு, மீசையைத் துடைக்கிறார், தொப்பியைச் சரி செய்கிறார். அவர் துடைக்கத் துடைக்க, "அவர் இப்போது மீசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்!" என்று நாலு பேர் கத்துகிறார்கள். அந்த 'கொண்டிருக்கிறார்' பாடத்தை நான் இரண்டு மாதமாகச் சொல்லித்தந்தும் ஏறாத வகுப்பு அது.

எல்லாம் கேட்டார்கள், பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அப்போது கடைசி வரிசையில் கூபாத் எழுந்தான். அதிகாரிக்குப் பக்கத்து பெஞ்சு. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி ஆங்கிலத்தில் சொன்னான்: "டீச்சர் எல்லாப் பெயரும் சொல்கிறார். ஒரு பெயர் மட்டும் சொல்ல மாட்டார். ஆகவே இவர் பெயர், சுவரில் இருக்கும் மனிதரின் பெயர்."

வகுப்பே ஒரே குரலில் பெயரைக் கத்தியது. அதிகாரி துள்ளி எழுந்துவிட்டார்: "என்ன? நான் என்ன பண்ணேன்?"

அய்பேரிதான் ஆட்டத்தையும் காரணத்தையும் கிர்கிஸில் விளக்கினாள். "அய்யா, ஒங்க பேரும் எங்க டீச்சரோட மாமனார் பேரும் ஒண்ணு. அதான் டீச்சருக்கு வாய் வரல."

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். "எங்க வீட்டு மருமகளும் என்னை 'தொப்பிக்காரரு'ன்னுதான் சொல்லுது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நானே திரும்ப மாட்டேன்." அப்புறம் பிள்ளைகளிடம், "இன்னொரு வாட்டி வெளையாடுங்க, இப்ப நான் நெனைக்கிறேன்" என்று முன்னால் வந்து நின்றுகொண்டார். அவர் நினைத்தது சூராகான் அக்காவை. அய்பேரி அவருக்குக் கிர்கிஸில் மாற்றிச் சொல்ல, மூன்றே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார்கள். என்னென்ன கேட்டார்கள் என்று எழுத மாட்டேன், இந்தக் கடிதம் மெலிஸ் கையில் வருகிறது.

மணி அடிக்கிற வரை நான் எழுந்திருக்கவே இல்லை. சூராகான் அக்கா விடுவாரா? "டீச்சர் ஒக்காந்தே இருந்தாங்க, அதை எழுதுங்க" என்றார். அதிகாரி எழுதினார். எனக்கும் காட்டினார்: "ஆசிரியை பாடம் முழுவதும் உட்கார்ந்திருந்தார். மாணவர்கள் உட்காரவே இல்லை." அதன் கீழே கையெழுத்து, அந்தப் பெயர்.

சின்னப் பொண்ணே, பெரியவர் பெயரை அந்த அறையில் அத்தனை குரல் சேர்ந்து சொல்லிக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சொல்ல முடியாததை என் பிள்ளைகள் எனக்காகச் சொல்லிவிட்டார்கள். இதை உன்னிடம் சொல்லத்தான் ஐந்து நாளாகத் துடித்தேன். தோழி என்று எழுதிக்கொண்டிருந்தது ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். களைத்துப் போனது நான் என்று உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. நீ பெருமைப்படுகிற அண்ணியாக இருக்க ஆசைப்பட்டேன்.

பாடம் நடந்த அன்று சாயங்காலமே சூராகான் அக்கா வந்தார். "லைப்ரரிக்கு எப்ப வர்ற?"

"வரல."

"அப்பறம்?"

"மத்தியான ஷிப்டுல பாதிய வேற யாருக்காவது குடுங்க. எனக்கு ஒரு நாற்காலி வேணும். கை வெச்சது."

முறைத்தார். ஆனால் நேற்று தன் அறையிலிருந்த மெத்தை போட்ட நாற்காலியைத் தானே சுமந்து வந்து என் மேசைக்குப் பின்னால் வைத்துவிட்டு, "குதிரை படுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாதி ஷிப்டுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. கிடைப்பார்கள். நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

உன் அண்ணி
அசில்கான்


பிஷ்கெக்
ஏப்ரல் 6

அன்புள்ள தோழிக்கு,

நீங்கள் என் அண்ணியின் தோழி. நாம் சந்தித்ததில்லை, ஆனால் குளிர்காலம் முழுக்க உங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடு மாடு சுகமா, மெத்தை நாற்காலி சுகமா?

உங்கள் கடிதத்தை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். அப்பா பெயரை வகுப்பு கத்திய இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியை அவர் வாங்கிப் படித்தார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் பதில் எழுதவில்லை, மன்னியுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். பெருமைப்படுகிற அண்ணியாக இருக்க ஆசைப்பட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். இப்போதும் பெருமைதான், முன்பைவிட அதிகம். நீங்கள் களைத்துப்போனதை ஒளிக்காமல் எழுதிய பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எனக்காக இல்லை. என் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒருத்தி வேலை செய்கிறாள். உங்களுக்குத் தெரியாது. பாவம், அவள் வகுப்புச் சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்கும். பந்து வீசுவாள், பாடுவாள், குதித்துக்கொண்டே இருப்பாள், வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் படுக்கையில் விழுவாள். நவம்பரில் ஒரு நாள் எழுந்திருக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஒட்டகத்தைச் சாப்பிட்டாள். அவளுக்கும் முடியவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

மே மாதம் பள்ளி மூடியதும் அவளை அங்கே அழைத்து வருகிறேன். கோடை முழுக்க இருப்பாள். அம்மா டீயைக் குறை சொன்னால் பேசாமல் கேட்டுக்கொள்வாள். மத்தியான ஷிப்டுக்குப் பாதி ஆள் வேண்டும் என்றீர்களே, அதையும் பற்றி அவளிடம் பேசுங்கள். ஊருக்கே வந்துவிடலாமா என்று மாப்பிள்ளையிடம் அவள் பேசியாகிவிட்டது.

அவள் பெயரைக் கேட்காதீர்கள். அடுப்போரம் இன்னொரு நாற்காலி மட்டும் போட்டு வையுங்கள்.

அண்ணனுக்கும் அம்மாவுக்கும் புதுக் கன்றுக்கும் அன்பு.

பெர்மெத்